திருத்தாத பத்து அட்டைகள்

சவரிராயன் வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்பது திருச்சிப் பாலக்கரை முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனாலேயே அவருக்குச் சிநேகிதர்கள் குறைவு. கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் சொல்லிவிடுவார். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்டாலும் சொல்லிவிடுவார். நாளாவட்டத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்றாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பொய்யர் என்று ஒருவர் எழுதிவிட்டார். அதுவும் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, டைப் அடித்து, இரண்டு படி எடுத்து, ஒன்றை அவருக்கும் மற்றதை அவருடைய தலைமையாசிரியருக்கும் அனுப்பி.

விஷயம் தொடங்கியது 1960-இல், பள்ளிக்கூட நூலகத்தில், கரையான் பிடித்த ஒரு மரப்பெட்டியில். எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன பெட்டி அது. கரையான் தின்றது போக மிச்சம் இருப்பதைப் பட்டியல் போடும் வேலையைத் தமிழாசிரியர் தலையில் கட்டியிருந்தார்கள். அடியில் ஃபின்னிஷ் மொழிக்கு இங்கிலீஷில் எழுதிய இலக்கணப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையைத்தான் கரையான் தின்றிருந்தது. உள்ளே இருந்த இலக்கணம் அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சவரிராயன் சும்மா புரட்டினார். புரட்டினவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் பாரத்துக்கு அன்றைக்குத் தமிழ் வகுப்பு நடக்கவில்லை. ஐந்தாம் பாரம் அதைப் பற்றி யாரிடமும் புகார் செய்யவில்லை.

அவர் கண்டது இதுதான். 'நான் படிக்காத புத்தகம்' என்று நாம் சொல்கிறோம். படிக்காத என்கிற அந்தப் பெயரெச்சம் முன்னால் வந்து, யார், என்ன, நடந்ததா இல்லையா என்று எல்லா நியாயத்தையும் பேசி முடித்த பிறகுதான் புத்தகம் மெதுவாக வந்து சேர்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. புத்தகத்தை முதலில் டப்பென்று வைத்துவிட்டு, அப்புறம் 'எதை நான் படிக்கவில்லையோ அது' என்று அதற்கு ஒரு வாலைக் கட்டுவான். உலகமே இங்கிலீஷ்காரன் மாதிரிதான் என்று சவரிராயன் நாற்பது வயது வரை நம்பியிருந்தார். இப்போது பார்த்தால், பனிக்கட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஃபின்லாந்துக்காரன் நம்மைப் போலவே பேசுகிறான். படிக்காத புத்தகம், லுக்கெமாத்தோன் கிர்யா. இது போதாதென்று இன்னொன்று. சாப்பிடாத பிள்ளை என்றாலும் சாப்பிடாத ரொட்டி என்றாலும் நமக்கு ஒரே 'சாப்பிடாத'தான். தின்னாதவனுக்கும் தின்னப்படாததற்கும் ஒரே சொல். ஃபின்லாந்திலும் அப்படியே, ஸ்யோமாத்தோன் பிள்ளை, ஸ்யோமாத்தோன் ரொட்டி.

மறுநாள் இடைவேளையில் அழகியமணவாளனிடம் சொன்னார். கணக்கு வாத்தியார். ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவர். சவரிராயனிடம் கேள்வி கேட்கிற துணிச்சல் ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள்.

"என்ன ஓய், முகம் இன்னிக்கு வைகுண்ட ஏகாதசி சேவிச்சுட்டு வந்தவா மாதிரி இருக்கு?"

"ஃபின்லாந்துலயும் பெயரெச்சம் இருக்குங்க."

"இருந்துட்டுப் போறது. அதுக்கு நாம என்ன பண்ணணும்?"

"அதுமட்டும் இல்லீங்க. ஹங்கேரியில இருக்கு. ரஷ்யாவுல வோல்கா நதிக்கரையில மாரின்னு ஒரு ஜனம். அவங்க பாஷையிலயும் செய்யாதவனுக்கும் செய்யாததுக்கும் ஒரே சொல்லு."

"மாரியா? சமயபுரத்துக்கு ஒறவா?"

"இல்லீங்க."

"அப்ப விட்டுத் தள்ளும்."

சவரிராயன் விட்டுத் தள்ளவில்லை. புத்தகத்தை அச்சிட்டவர்கள் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அது எங்கெங்கோ சுற்றி, ஹெல்சிங்கியில் டாக்டர் லெஹ்திவாரா என்கிற பேராசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஃபின்னிஷும் ஹங்கேரியனும் மாரியும் சேர்ந்த இந்த ஊராலிய மொழிக் குடும்பத்தின் எச்சங்களைப் பற்றியே பதினைந்து வருஷமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாராம், அதற்காகத் தமிழும் வாசிக்கப் பழகியிருந்தாராம். உடனே பதில் வந்தது. தமிழுக்கும் ஃபின்னிஷுக்கும் உறவு உண்டா என்பது தன் கேள்வி இல்லை, இரண்டும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்கின்றனவா என்பதே தன் கேள்வி என்று எழுதியிருந்தார். கடைசி அத்தியாயத்தில் தமிழை வைத்துப் பார்க்கவேண்டும், உங்கள் ஊரில் முப்பது பேரிடம் ஆளுக்குப் பத்து வாக்கியம் எடுத்து அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். செய்யாதது, பார்க்காதது, வராதது என்று அவரவர் பிழைப்பைப் பற்றி அவரவர் பேசட்டும். காதில் விழுவதை அப்படியே அட்டையில் எழுதுங்கள். ஒலிப்பதிவுப் பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, உங்கள் காதை நம்புகிறேன். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு சான்று மட்டும் வேண்டும். புத்தகத்தில் உங்கள் பெயர் வரும்.

தலைமையாசிரியர் பாதர் அற்புதசாமி சான்றில் கையெழுத்துப் போட்டார். இந்த ஆசிரியர் நேர்மையானவர் என்று ஒரு வரி. அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

1962 கோடை முழுவதும் சவரிராயன் அலைந்தார். மெயின்கார்ட் கேட் அருகில் தையல்கடை வைத்திருந்த பரக்கத் அலியிடம் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துப் பக்கம் பூ விற்கிற மயிலம்மாளிடம் நின்றார். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே கண்டக்டர் சுடலைமுத்துவோடு ஒரே பஸ்ஸில் எட்டுத் தடவை போய்வந்தார், எட்டுத் தடவையும் டிக்கெட் எடுத்து. காவேரிப் பாலத்து வெயிலில் மண்டை காய்ந்தது. மூக்கில் இரண்டுமுறை ரத்தம் வந்தது. முன்னூறு அட்டையும் எழுதி முடித்து, மெழுகுத்துணியில் கட்டி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது, பெரிய பரீட்சை எழுதிய பையன் மாதிரி இரண்டு நாள் தூங்கினார்.

அந்த அட்டைகளில்தான் வினை இருந்தது.

"அளவு குடுத்துட்டு வாங்க வராத சட்ட நாப்பது தொங்குது வாத்தியாரே" என்றார் பரக்கத் அலி. அட்டையில் இப்படி ஏறியது: அளவு கொடுத்தபின் பெற்றுக்கொள்ள வாராத சட்டைகள் நாற்பது தொங்குகின்றன.

"வாடுன பூவ விட கட்டாத பூவுக்குத்தாங்க கவல" என்றாள் மயிலம்மாள். அட்டையில்: வாடிய மலரைவிடக் கட்டாத மலருக்கே கவலை மிகுதி.

"டிக்கெட் எடுக்காத ஆளு மொகத்துலயே தெரிஞ்சிரும்" என்றார் சுடலைமுத்து. அட்டையில்: பயணச்சீட்டுப் பெறாத ஆளின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கேட்டதைத்தான் எழுதுகிறோம் என்று மனதார நம்பினார். காதுக்கும் கைக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷத்துச் சிவப்புப் பென்சில் உட்கார்ந்திருந்தது. வருகிற வாக்கியத்தையெல்லாம் அது நடுவழியில் பிடித்து, போட்டோ எடுக்குமுன் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடுகிற மாதிரி, சிந்திவிட்டு அனுப்பியது. தமிழ் வாத்தியார் ஒருவருக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுகிறோம் என்று யாருக்குத் தெரிகிறது?

டிசம்பரில் லெஹ்திவாராவின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அதுதான் இன்னும் சுட்டது. 'முப்பது பேர். பன்னிரண்டு வயதிலிருந்து எழுபது வரை, ஆணும் பெண்ணும், மூன்று மதத்தார், படித்தவர், படிக்காதவர். முப்பது பேரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். எங்கள் நாட்டில் ஒரு கிராமத்தின் இரண்டு தெருக்களில்கூட இப்படி நடப்பதில்லை. இந்த அட்டைகள் ஒரே மேசையில், ஒரே மனிதரால் கற்பனையாக எழுதப்பட்டவை என்ற முடிவுக்கு வருத்தத்துடன் வருகிறேன். சான்றளித்த தலைமையாசிரியருக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.'

பாதர் அற்புதசாமி தன் படியை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"வாத்தியார், நீங்க வெயில்ல நாயா அலைஞ்சத நான் பாத்தேன். மூக்குல ரத்தம் வந்து பஞ்சு வெச்சுக்கிட்டு வகுப்புக்கு வந்ததையும் பாத்தேன். ஆனா நான் பாத்தத அவங்க பாக்கலயே."

"நான் ஒரு வாக்கியமும் கட்டலீங்க பாதர். மாதா சத்தியமா."

"நம்புறேன். ஆனா இந்தக் காகிதம் கோப்புல இருக்கும். ஜூன்ல தலைமைத் தமிழாசிரியர் நியமனம் வருது. பிஷப் ஆபீஸ்ல கோப்பத் தொறப்பாங்க. பொய்ச் சான்றுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன்னு என்னையும் கேப்பாங்க. ஈஸ்டருக்குள்ள அவங்ககிட்ட இருந்தே வேற காகிதம் வாங்கிட்டு வாங்க."

சவரிராயனுக்கு நியமனம் போனால் போகட்டும் என்றிருந்தது. பொய்யர் என்ற சொல்தான் சோறு இறங்கவிடாமல் தொண்டையில் நின்றது. அழகியமணவாளனிடம் கடிதத்தைக் காட்டினார். அவர் அட்டைகளின் நகலையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்தார். மயிலம்மாள் அட்டையில் நிறுத்தினார்.

"ஏன் ஓய், மயிலம்மா 'மிகுதி'ன்னா சொன்னா?"

"ஆமாங்க."

"அந்த மயிலம்மா? நேத்திக்குப் பூவுக்குப் பேரம் பேசினவனப் பாத்து, கோபுரமே காதப் பொத்திக்கற மாதிரி பேசினாளே, அவளா?"

சவரிராயன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். 'மிகுதி' என்று யார் சொன்னது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி ஹெல்சிங்கிக்கு அனுப்பினார். பதில் இரண்டே வரி. 'அப்படியானால் ஒரே ஒருவரிடம், ஒரே அமர்வில், பத்து வாக்கியம். சொன்னது சொன்னபடி, எதையும் விடாமல். பார்க்கலாம்.'

பத்துதானே, அரைமணி வேலை என்று நினைத்தார். பரக்கத் அலி கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் அலி மிஷினை நிறுத்தி, எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேச்சுப்போட்டிக்கு நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, போன தடவ நீங்க எழுதுனத எட்டிப் பாத்தேன். அப்பதான் நம்ம பேச்சு எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுது. இந்தத் தடவ தயாரா இருக்கேன். நான் தைக்காத ஆடைகளானவை..."

"அண்ணே, நீங்க சாதாரணமா பேசுங்கண்ணே."

"சாதாரணமாகவே பேசுகின்றேன்" என்றார் பரக்கத் அலி.

மயிலம்மாள் அதற்கு மேல். சுடலைமுத்து 'பயணச்சீட்டு' என்று சொல்லிப் பழகிவிட்டிருந்தார். பஸ்ஸில் ஜனம் முழித்தது. ஊரில் சவரிராயன் காதுபட வாய்க்கு வந்தபடி பேச ஒரு ஜீவன் இல்லை. ஒரு வாரம் அலைந்துவிட்டு வந்தவரைப் பார்த்து அழகியமணவாளன் சாவகாசமாகக் கேட்டார்.

"உம்ம ஆத்துல ஒருத்தர் இருக்காளே. அவாளக் கேட்டேளா?"

சவரிராயன் கேட்கவில்லை. முப்பது பேரைத் தேடி ஊர் முழுக்க அலைந்தவருக்கு, வீட்டில் ஒரு வாய் இருப்பது நினைவுக்கு வரவில்லை.

காரணம் இருந்தது. சகாயம்மாள் பேசுவதில்லை. 'ஆச்சு', 'இருக்கு', 'இல்ல', 'வாங்க', 'சரி'. இந்த ஐந்து சொல்லில் குடித்தனம் நடந்தது. 1949-இல் தொட்டியத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அப்படி இல்லை. வாழைத்தோப்புக்காரர் வீட்டுப் பெண். பஸ்ஸில் வரும்போதே முசிறி தாண்டுவதற்குள், எந்த வாய்க்காலில் யார் விழுந்தார்கள், எந்த மாமா எந்த அத்தையோடு பேச்சில்லை என்பதெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். 'வாளப்பளம்' என்றாள். அவர் திருத்தினார். 'தண்ணி ஊத்துனேன்' என்றாள். 'ஊற்றினேன்' என்றார். அன்பாகத்தான் செய்தார், கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வாக்கியத்தை எடுத்தால் அது போய்ச் சேருமுன் இரண்டு இடத்தில் நிறுத்தப்பட்டது. கொஞ்ச நாளில் அவள் நீளமான வாக்கியத்தை எடுப்பதையே விட்டுவிட்டாள். அடக்கமான பெண் வாய்த்தாள் என்று அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அட மனுஷா!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் ஆனபின், அவள் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே பலகை போட்டு, பத்து அட்டையை அடுக்கிவைத்து உட்கார்ந்தார். விஷயத்தை முழுக்கச் சொன்னார். பொய்யர் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அதுவரை அவளுக்குத் தெரியாது. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்களையா?"

"ஆமா."

"அவங்களுக்கென்ன பைத்தியமா?"

அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, "நீ பேசணும் சகாயம். செய்யாதது, வராதது, எதப் பத்தி வேணாலும். நான் அப்படியே எழுதணும்" என்றார்.

"எழுதிட்டுத் திருத்துவீங்க."

"மாட்டேன்."

"அந்தப் பென்சிலக் குடுங்க."

கொடுத்தார். அவள் சிவப்புப் பென்சிலை வாங்கி, எழுந்துபோய், அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மொச்சை உரிக்கத் தொடங்கினாள். நாலைந்து காய் உரித்தாள். பிறகு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விடுகிற மாதிரி பேச்சு வந்தது.

"எண்ண போடாத கதவு ஒண்ணு இருக்கு, தெனம் காலையில தெருவையே எழுப்புது."

எழுதினார். எண்ண. கை ணெ-க்குப் போனது. இழுத்துப் பிடித்தார்.

"மூணு வருஷமா ஈயம் பூசாத ஏனத்துலதான் உங்களுக்கு ரசம் வெக்கிறேன். இன்னும் நல்லாத்தான் இருக்கீங்க."

எழுதினார்.

"கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு நீங்க கூட்டிட்டே போகாத வேளாங்கண்ணி ஒண்ணு."

"அது அந்த வருஷம் புயல் அடிச்சுதுல்ல..."

"எழுதுங்க. பேசாதீங்க."

எழுதினார். யாருமே வந்து உட்காராத நாற்காலியை அவள் தினமும் துடைக்கிறாளாம். சாப்பிட்டு நல்லா இருக்கு என்று அவர் ஒருநாளும் சொல்லாத குழம்பு ஆயிரம் இருக்குமாம். அவளுடைய அண்ணன் மகளுக்குப் போடாத கடிதம் ஒன்று தலையணைக்குக் கீழே இருக்கிறதாம், எழுத்துப்பிழையைப் பார்த்துவிடுவார் என்று போடவில்லையாம். எட்டாவது அட்டையில் அவர் எழுதியது: நான் பேச ஆரம்பிச்சு முடிக்காத பேச்ச அடுக்குனா மலக்கோட்ட ஒசரம் வரும். எழுதும்போது அவருக்குக் காது சுட்டது. ஒன்பதாவது ஏதோ பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றி. அதில் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பத்தாவது அட்டையை எடுத்துவைத்தார். அவள் மடியிலிருந்த தோலையெல்லாம் முறத்தில் கொட்டினாள். முந்தானையை உதறினாள்.

"அப்பா பேரு வெக்காத புள்ள ஒண்ணு தொட்டியத்துல இருக்கு."

பேனா நின்றுவிட்டது.

1951 நவம்பர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆள் வந்து சொன்னபோது அவர் மாதத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பன்னிரண்டு தாளையும் முடித்துவிட்டு பஸ் ஏறினார். போய்ச் சேரும்போது சாயங்காலம். ஆண் பிள்ளை. ஒரு மணி நேரம் உயிரோடு இருந்ததாம். மருத்துவச்சி வெள்ளையம்மாள் அம்மன் கும்பிடுகிறவள், ஞானஸ்நானம் என்றால் அவளுக்கு என்ன தெரியும். சகாயம்மாளுக்கு நினைவு தப்பி மீண்டிருந்தது. அவசரத்துக்கு யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம், வீட்டில் அழுத கலவரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அவள் அண்ணன் வாழைத்தோப்பு ஓரமாகக் குழி தோண்டி வைத்துவிட்டு, அவருக்காகக் காத்திருந்தார். சவரிராயன் கட்டிலருகே வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தலையில யாரும் தண்ணி ஊற்றலையா?" வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சும் இல்லை.

"எழுதுங்க" என்றாள் சகாயம்மாள்.

"வேற ஒண்ணு சொல்லேன், சகாயம்."

"வேற இல்ல. என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

எழுதினார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்த அட்டை மேசையில் கிடந்தது. ஒன்பது அட்டையோடு தனக்குத் தெரிந்த யார் வாயிலிருந்தாவது ஒன்றைச் சேர்த்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மொச்சையைப் பற்றி ஒரு வரி தானே எழுதினால்கூட ஹெல்சிங்கியில் கண்டுபிடிக்கமாட்டார்கள். இப்போது அவருக்கு அப்படி எழுதவும் வந்துவிட்டது. நினைத்துப் பார்த்தார். அப்படிச் செய்தால் அன்றைக்கு அவர்கள் எழுதியது உண்மையாகிவிடும். வியாழக்கிழமை பத்தையும் உறையில் போட்டு ஒட்டினார்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்பு பதில் வந்தது. பாதர் அற்புதசாமிக்குத் தனியாக ஒன்று. அவர் வராந்தாவிலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் தீர்ப்பு தவறு என்றும், இந்த ஆசிரியரின் நேர்மைக்குத் தானும் இனிச் சான்று தருவதாகவும் லெஹ்திவாரா எழுதியிருந்தார். அழகியமணவாளன், "பெருமாள் உம்மைக் கைவிடலை ஓய், நீர் அவரோட ஆளு இல்லேன்னாலும்" என்று சொல்லி ஒரு பொட்டலம் புளியோதரை கொடுத்தார். சவரிராயன் அதை வராந்தாவில் நின்றே தின்றார். நாலு மாதத்துக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கியது. நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னார்.

அவருக்கு வந்த கடிதம் நீளமானது. வீட்டுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து பிரித்தார். 'இப்போது எனக்கு ஒரு மனுஷி பேசுவது கேட்கிறது. கடைசி அத்தியாயத்தை இந்தப் பத்து வாக்கியத்தைக் கொண்டே எழுதப்போகிறேன். இதே கட்டுமானத்தில் ஃபின்னிஷிலும் மாரியிலும் வரும் வாக்கியங்களை அருகருகே அச்சிடுவேன்.' கீழே ஒரு குறிப்பு. 'அடிக்குறிப்புக்காக ஒரு சிறு விவரம் தேவை. பத்தாவது அட்டையில் வரும் அந்தப் பிள்ளைக்கு இதற்குள் பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்ன பெயர்?'

சகாயம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"நம்பிட்டாங்க."

"அதான் தெரியுமே. அவ்வளவு பெரிய லெட்டர்ல அத மட்டுமா எழுதியிருப்பாங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு வேறு வழி இல்லை. கடைசி வரி வரைக்கும் தமிழில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "நான் எழுதிடறேன், சகாயம். பேர் வைக்கவே இல்லைன்னு எழுதிடறேன்" என்றார்.

"ஏன் வெக்கல? நீங்கதான் வெக்கல. நான் வெச்சேன்."

அவர் நிமிர்ந்தார்.

"எப்போ?"

"அன்னைக்கே. நீங்க வர்றதுக்கு முன்னாடி. செவுத்துல நாளுக்கொரு புனிதர் பேரு போட்ட கோயில் காலண்டர் தொங்குச்சு. இன்னைக்கு யாரு அர்ச்சியசிஷ்டர்னு அண்ணனக் கேட்டேன். அவரு படிச்சுச் சொன்னாரு. அதையே வெச்சுட்டேன். காதுல மூணு தடவ சொன்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

கோபமாகச் சொல்லவில்லை. கதவு கிரீச்சிடுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அந்தப் பேரு எனக்கு வாயில சரியா வராது. சொன்னா நீங்க திருத்துவீங்க."

சவரிராயன் மேசைக்குப் போய் ஒரு வெற்று ஏர் லெட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். பேனா மூடியைத் திறக்க இரண்டுமுறை முயன்றார். அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"சொல்லு" என்றார்.

"தனிசுலாசு."

அவர் த போட்டார். னி போட்டார். கண்ணீரில் கோடு தெரியவில்லை. அவள் குனிந்து, எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வயசு கேக்கலயா அவங்க?"

"கேக்கல."

"கேக்காட்டி என்ன, எழுதுங்க. பன்னெண்டு நடக்குது."